கோப்பையைத் திருப்பிப் பாருங்கள்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



போன தடவை இதே இடத்தில் நின்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றிப் பேசினேன். முன்வரிசையிலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அதனால் நம் செயலாளர், "சார், இந்தத் தடவை வட்டி விகிதம் வேண்டாம். ஜெர்மனி போய் வந்தீர்களே, அதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார். ஜெர்மனியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? டிரெஸ்டன் நகரத்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். காலையில் பேரனைப் பள்ளியில் விடுவேன், மாலையில் கூட்டி வருவேன். நடுவில் சும்மா. அந்தச் சும்மா நேரத்தில் ஒரு பொருள் மேல் பித்துப் பிடித்துவிட்டது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பீங்கான்.

உங்கள் எல்லோர் வீட்டு ஷோகேஸிலும் பீங்கான் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொம்மை, விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் ஆறு கோப்பைகள். அதில் உண்மையான பீங்கான் எது என்று தெரிந்துகொள்ள மூன்று பொருளை நினைத்துக்கொண்டால் போதும். மண்பானை குறைந்த சூட்டில் வெந்தது. நுண்ணிய துளைகள் இருப்பதால் தண்ணீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. ஊறுகாய் ஜாடி இன்னும் அதிகச் சூட்டில் வெந்தது. கசியாது, ஆனால் கனம், உள்ளே வெளிச்சம் போகாது. மூன்றாவது பீங்கான். வெள்ளை வெளேர் என்று, மெல்லிசாக, விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு, சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் ஒரு கல்லையும் அரைத்துச் சேர்த்து, சுமார் 1400 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டும். மண் கல்லாகவும் ஆகிறது, கொஞ்சம் கண்ணாடியாகவும் ஆகிறது.

இதைச் சீனர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்களுக்குச் செய்யத் தெரியவில்லை. கப்பல் கப்பலாக வாங்கினார்கள், தங்கம் மாதிரி விலை கொடுத்தார்கள், கண்ணாடித் தூளைக் களிமண்ணில் கலந்து போலியாகச் செய்து பார்த்தார்கள். வரவில்லை. வந்தது எப்படி என்பதுதான் கதை.

ஜோஹன் ஃப்ரீட்ரிஷ் போட்கர் என்று ஒரு பையன். 1682-ல் பிறந்தவன். பெர்லினில் ஒரு மருந்துக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். சும்மா இருக்காமல், வெள்ளி நாணயத்தைத் தங்கமாக்கிக் காட்டுகிறேன் என்று வித்தை காட்டினான். செய்தி பிரஷ்யா ராஜாவின் காதுக்குப் போயிற்று. பிடித்து வரச் சொன்னார். பையன் 1701-ல் எல்லை தாண்டிப் பக்கத்து சாக்ஸனிக்கு ஓடினான். சாக்ஸனியை ஆண்டவர் அகஸ்டஸ். போலந்துக்கும் அவரே ராஜா. படைக்கும் மாளிகைக்கும் அவருக்கு எந்நேரமும் பணம் தேவை. தங்கம் செய்கிறவன் தானாக வந்து மடியில் விழுந்தால் விடுவாரா? பிடித்து உள்ளே போட்டுவிட்டார். அப்போது போட்கருக்கு வயது 19.

தங்கம் வரவில்லை. வராது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வராது என்று சொன்னால் உயிர் இருக்காது. இதோ வரும், அடுத்த மாதம் வரும் என்று வருடக்கணக்காக ஓட்டினான். வராக்கடன்காரர்கள் வாய்தா கேட்பதை முப்பத்தாறு வருடம் கேட்டவன் நான். எனக்கு அந்தப் பையன் மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

அவனைக் காப்பாற்றியவர் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞர். பெரிய லென்ஸ்களால் சூரிய ஒளியைக் குவித்து, எந்த மண் எந்தச் சூட்டில் உருகும் என்று பல காலமாகச் சோதித்துக்கொண்டிருந்தவர். தங்கத்தை விடு, பீங்கானைப் பார் என்று அவனை இந்தப் பக்கம் திருப்பியவர் அவர்தான். முதலில் சிவப்பான, கல் போன்ற ஒரு பொருள் வந்தது. நம் ஜாடிக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளை. 1708-ம் வருடம் ஜனவரி 15-ம் தேதியிட்ட போட்கரின் சோதனைக் குறிப்பு கிடைத்திருக்கிறது. ஏழு கலவைகள். களிமண் மட்டும் ஒன்று, மற்றவற்றில் வெவ்வேறு அளவில் அலபாஸ்டர் என்ற வெண்கல். அவற்றில் சில, சூளையிலிருந்து வெள்ளையாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் வந்தன. அதே வருடம் அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துவிட்டார். 1709 மார்ச்சில் போட்கர் தன் பெயரில் ராஜாவுக்கு அறிக்கை கொடுத்தான். கண்டுபிடித்தது யார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் சிர்ன்ஹவுஸுக்குத்தான் போக வேண்டும். ஒருத்தர் வேலை பார்ப்பது, இன்னொருத்தர் கையெழுத்துப் போடுவது எல்லாம் நமக்குப் புதிதா?

1710-ல் தொழிற்சாலை தொடங்கியது. எல்பே நதிக்கரையில் மைசென் என்ற ஊர், குன்றின் மேல் ஒரு கோட்டை. ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காகவே கோட்டைக்குள் சூளை வைத்தார்கள். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் மூன்று தடவை போனேன். அந்த ஊரில் ஒரு தேவாலயத்தின் மணிகள்கூடப் பீங்கான்தான். போட்கரை 1714-ல்தான் விடுதலை செய்தார்கள். பதின்மூன்று வருடச் சிறை. ஐந்தே வருடத்தில், 1719-ல், 37 வயதில் போய்விட்டான். சூளைப் புகையும் ரசாயனமும் குடியும் சேர்ந்து உடம்பைத் தின்றுவிட்டன. ஷோகேஸில் அந்த வெள்ளைக் கோப்பைகளைப் பார்க்கும்போது எனக்கு இவன் ஞாபகம்தான் வரும்.

இனி வாங்கிச் சேர்த்தவர்களின் கதை. அகஸ்டஸ் ராஜாவுக்குப் பீங்கான் சேர்ப்பது ஒரு வியாதி; அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். 1717-ல் பிரஷ்யா ராஜாவிடம் இருந்த சீனப் பீங்கான் மேல் ஆசைப்பட்டார். 151 உருப்படிகள். அதற்கு ஈடாக அவர் கொடுத்தது 600 குதிரைப்படை வீரர்கள். குதிரை கிடையாது, ஆயுதம் கிடையாது, ஆட்கள் மட்டும். அந்தப் பெரிய நீலவெள்ளை ஜாடிகள் இன்றும் டிரெஸ்டனில் ஸ்விங்கர் மாளிகையில் நிற்கின்றன. நான்கு பேரை ஒரு ஜாடிக்குக் கொடுத்த கணக்கு என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த அறையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

ஆனால் அதே ராஜா ஒரு நல்ல காரியமும் செய்தார். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு மட்டும்தான் அது நல்ல காரியமாகப் படும். 1721-லிருந்து தன்னிடம் உள்ள ஒவ்வொரு உருப்படியையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண், கூடவே அது எந்த வகை என்று காட்டும் ஒரு குறி, சக்கரத்தால் செதுக்கிக் கறுப்பு தேய்த்தது. முந்நூறு வருடம் ஆகிவிட்டது. 1919, 1920-ல் அரசாங்கமே இரட்டிப்பாக இருந்தவற்றை ஏலத்தில் விற்றிருக்கிறது. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலாவது அப்படியொரு எண் உள்ள தட்டு வந்தால், அந்தப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேரேடு என்றால் இப்படி இருக்க வேண்டும்!

சரி, ரகசியத்துக்கு வருவோம். மண் கலவை தெரிந்தவனுக்கு மெருகு தெரியாது, மெருகு தெரிந்தவனுக்கு மண் தெரியாது என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். அப்படியும் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. வியன்னாவில் ஒருவர் 1718-ல் போட்டித் தொழிற்சாலை தொடங்கி, ஆள் அனுப்பி, ஷ்டோல்ஸல் என்ற மைசென் தொழிலாளியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன சம்பளத்தைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. 1720-ல் அவன் திரும்பி வந்தான். மன்னிப்புக் கிடைக்க வேண்டுமே, ஹெரோல்ட் என்ற அருமையான ஓவியரையும் கூடவே அழைத்து வந்தான். மைசென் பீங்கானின் வண்ண அழகெல்லாம் அந்த ஹெரோல்டிடமிருந்து தொடங்குகிறது. பொம்மைகளின் அழகு கேண்ட்லர் என்ற சிற்பியுடையது. 1731-ல் சேர்ந்து 1775-ல் இறக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார். ஒரு பிரபுவுக்கு அவர் செய்து கொடுத்த அன்னப்பறவை டின்னர் செட்டில் மட்டும் 2000 உருப்படிகளுக்கு மேல். நம் வீட்டு 32 பீஸ் செட்டை அடுக்கவே இடமில்லை!

பிரெஞ்சுக்காரர்கள் செவ்ரேயில் செய்தார்கள். கயோலின் அவர்கள் நாட்டில் லிமோஷ் ஊருக்குப் பக்கத்தில் 1768-ல்தான் கிடைத்தது. இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: மாட்டு எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் களிமண்ணில் கலந்தார்கள். போன் சைனா என்றால் பெயரில் உள்ளதுதான் பொருளிலும்; எடையில் ஏறக்குறையப் பாதி எலும்புச் சாம்பல். (இதைச் சொன்னபோது கூட்டத்தில் மூன்று பேர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். சங்கத்துக் கோப்பைகள் சாதாரணமானவை என்று செயலாளர் உறுதி கூறிய பிறகே மேலே பேச முடிந்தது.)

போட்டி வந்தபிறகு மைசென்காரர்கள் தங்கள் பொருளுக்கு அடையாளம் போட ஆரம்பித்தார்கள். 1720-களின் தொடக்கத்திலிருந்து, சாக்ஸனி அரசின் சின்னத்தில் உள்ள இரண்டு குறுக்கு வாள்கள். கோப்பையின் அடியில், மெருகுக்குக் கீழே, கோபால்ட் நீலத்தில், கையால் வரைந்தது. உலகத்தின் மிகப் பழைய வியாபாரக் குறிகளில் ஒன்று. அதனாலேயே உலகத்தில் மிக அதிகமாகத் திருடப்பட்ட குறிகளிலும் ஒன்று. 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் சாம்சன் என்ற நிறுவனம் எல்லாப் பழைய தொழிற்சாலைகளின் பொருட்களையும் நகல் செய்து விற்றது. டிரெஸ்டனிலேயே ஹெலெனா வோல்ஃப்சோன் என்ற வியாபாரி, அகஸ்டஸ் ராஜாவின் 'ஏ.ஆர்.' குறியைப் போட்டு விற்றார். மைசென் நிறுவனம் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்த முடிந்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. 1987 என்று ஞாபகம். நான் கவுன்டரில் இருந்தேன். ஒரு செக் வந்தது. கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டேன். அச்சு அசலாக இருந்தது. டோக்கன் கொடுத்துவிட்டேன். பின்னால் இருந்த அதிகாரி செக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தாளைப் பார்த்தீரா? இந்த வரிசை எண் இந்தக் கணக்குக்குக் கொடுத்ததே இல்லை." யாரோ திருடிய தாளில் யாரோ பழகிப் போட்ட கையெழுத்து. பணம் போகவில்லை, என் வேலையும் போகவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது: "கையெழுத்தைக் கடைசியாகப் பாரும். போலி போடுகிறவன் மெனக்கெடுவது அதில்தான்."

முப்பது வருடத்துக்கு மேல் அதை மறக்கவில்லை. டிரெஸ்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில் மறந்தேன்.

பூப்போட்ட கோப்பையும் சாசரும். விற்றவர் 60 யூரோ சொன்னார். நான் சாசரைத் திருப்பினேன். நீல வாள்கள். விரலால் தடவினேன், வழவழ என்று இருந்தது. மெருகுக்குக் கீழேதான் இருக்கிறது. நெஞ்சு படபடத்தது. "அப்பா, கோப்பையையும் பாருங்கள்" என்றாள் மகள். ஆசை வந்தவன் காதில் எதுவும் விழாது. விற்றவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் வேறு. 45-க்குப் பேரம் பேசிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன்.

மகள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எண்பது வயதிருக்கும். பாட்டி வழியில் வந்த மைசென் தட்டுகள் அவரிடம் உண்டு. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாள்களைப் பார்க்கவே இல்லை. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு மகளிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். மகள் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்: "இரண்டும் ஒரே வெள்ளை இல்லையாம் அப்பா."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. சாசர் தூய வெள்ளை. கோப்பையில் லேசான சாம்பல் நிறம். கோப்பையைக் கவிழ்த்தார். வாள்கள் இருந்தன, ஆனால் மெருகுக்கு மேலே வரைந்தவை. நகத்துக்கு மேடு தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில் பளபளப்பு இல்லாத ஒரு வட்டம். முன்பு அங்கே வேறு ஏதோ தொழிற்சாலையின் குறி இருந்திருக்கிறது, தேய்த்து எடுத்துவிட்டார்கள். சாசர் மட்டும் அசல். அதிலும் வாள்களின் குறுக்கே இரண்டு கீறல். அது தற்செயலான கீறல் இல்லை. குறை உள்ள உருப்படியை இரண்டாம் தரமாக விற்கும்போது தொழிற்சாலையே போடுவது. நல்ல ஜாமீன்தாரரைக் காட்டிக் கடன் வாங்குவது போல, அசல் சாசரைக் காட்டிப் போலிக் கோப்பையை விற்றுவிட்டார்கள். விற்றவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. குற்றம் திருப்பிப் பார்க்காத என்னுடையது.

அந்த அம்மையாரிடம் அடுத்த ஆறு வாரம் பாடம் கற்றேன். உங்களுக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். முதலில் மொத்தமாகப் பாருங்கள், வடிவம், நிறம், கனம். அடி வளையத்தைத் தடவுங்கள். சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க அந்த இடத்தில் மெருகு இருக்காது, உள்ளே இருக்கும் மண்ணின் நிறம் அங்கேதான் தெரியும். சுண்டிப் பாருங்கள்; முழுசாக இருந்தால் மணி மாதிரி கேட்கும், விரிசல் இருந்தால் 'டொக்' என்னும். ஒட்டி வர்ணம் பூசியதைக் கண்டுபிடிக்க, ரூபாய் நோட்டு பார்க்கும் அந்த ஊதா விளக்கு போதும். பழுது பார்த்த இடம் வேறு நிறத்தில் தெரியும். பொம்மைகளில் விரல், பூவிதழ் இவற்றைப் பாருங்கள், முதலில் உடைவது அவைதான். அந்த அம்மையாரின் தட்டுகளில் இருந்தது 'வெங்காயப் பூ' என்ற நீல வடிவம். அது வெங்காயமே அல்ல. சீனத் தட்டில் இருந்த மாதுளையையும் பீச் பழத்தையும் பார்த்து வரைந்தது, ஜனங்கள் வெங்காயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பலரும் அந்த வடிவத்தை நகல் செய்ததால், 1880-களின் கடைசியிலிருந்து மைசென்காரர்கள் படத்திலேயே, மூங்கில் தண்டின் அடியில், சின்னதாக வாள்களை வரைந்துவிடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக அடியில் உள்ள குறி.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தொழில்காரர் என்பதால். குஸ்தாவ் ஃபான் க்ளெம்பரர் என்று டிரெஸ்ட்னர் வங்கியின் இயக்குநர், யூதர். 800-க்கும் மேற்பட்ட மைசென் உருப்படிகளைச் சேர்த்திருந்தார். 1926-ல் அவர் இறந்ததும், 1928-ல் பிள்ளைகள் அத்தனையையும் எண் போட்டு ஒரு பட்டியலாக அச்சிட்டார்கள். பத்து வருடத்தில், 1938-ல், நாஜி அரசு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. குடும்பம் நாட்டை விட்டு ஓடியது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வெளியூரில் வைத்திருந்த பெட்டிகளை, ரஷ்யப் படை நெருங்கும்போது லாரியில் ஏற்றி டிரெஸ்டனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வந்து நின்ற இரவு 1945 பிப்ரவரி 13. அன்றைக்குத்தான் நகரத்தின் மேல் குண்டு மழை. பெட்டிகள் லாரியோடு எரிந்தன.

போருக்குப் பின் அருங்காட்சியகத்தார் இடிபாடுகளைத் தோண்டித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். எது எந்த உருப்படியின் துண்டு என்று அந்த 1928-ம் வருடப் பட்டியலோடு ஒப்பிட முடிந்தது. தப்பியவை 1991-ல் குடும்பத்துக்குத் திரும்பின. அவர்கள் அவற்றில் பெரும்பகுதியை டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் சிலவற்றைப் பார்த்தேன். பிற்பாடு இன்னும் உடைந்தவை அருங்காட்சியகத்தில் அடையாளம் தெரிந்து, அவையும் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2010-ல் லண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. தலையில்லாத பொம்மை, புகை ஏறிய துண்டு, எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருந்தது. வாள் முத்திரை உள்ள முழுக் கோப்பையை என்னிடம் விற்றவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இவர்களிடம் துண்டுகள்தான் இருந்தன, ஆனால் பட்டியல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. இரண்டாவது பிளாக்கிலிருந்து ஒரு சகோதரி, தன் மாமியார் காலத்துப் பொம்மை ஒன்று இருக்கிறது, விலை சொல்வீர்களா என்று கேட்டார். விலை சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு லென்ஸும் ஊதா விளக்கும் எடுத்துக்கொண்டு கிளப் ஹவுஸில் உட்கார்ந்திருப்பேன். யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். லிஃப்டில் வரும்போது துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். மாமியார் அதை எங்கே, எந்த வருடம், யாரிடம் வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய ரசீது, கடிதம், கல்யாண போட்டோவில் பின்னால் அது தெரிகிறதென்றால் அந்த போட்டோ, எல்லாம் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அந்தப் போலிக் கோப்பையை என்ன செய்தீர்கள் என்பது. சாசர் ஷோகேஸில் இருக்கிறது. கோப்பையில் தினமும் காலை காபி குடிக்கிறேன். அரை டம்ளர்தான் பிடிக்கும். டாக்டரும் அவ்வளவுதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.